சல்லடைக்கு யார் பணம் தருவது?

கலிஃபோர்னியாவில் ஓடும் கார்கள் சிலவற்றின் எண் பலகையில் ஒரு திமிங்கில வால் இருக்கும். 1997இல் புழக்கத்துக்கு வந்த பலகை அது. யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. சாதாரணப் பலகை போதும் என்பவர் அதையே மாட்டிக்கொள்ளலாம். கடலுக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்போம் என்று நினைப்பவர் 50 டாலர் கட்டி வால் போட்ட பலகையை வாங்குகிறார். ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது மேலும் 40 டாலர் தருகிறார். அதில் ஒரு பங்கு மாநிலக் கடற்கரை ஆணையத்தின் கைக்கு வருகிறது. 1972இல் மக்கள் வாக்கெடுப்பில் பிறந்து, 1976 கடற்கரைச் சட்டத்தால் நிலைபெற்ற அமைப்பு அது. வந்த பணத்தை ஆணையம் சில ஆயிரம் டாலர், சில பத்தாயிரம் டாலர் என்று சிறு நல்கைகளாகப் பிரித்துத் தொண்டு நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுக்கிறது. மாநில வருமான வரிப் படிவத்திலும் கடற்கரைக்கென்று ஒரு கட்டம் உண்டு. விரும்பியவர் அதில் ஒரு தொகையை எழுதலாம்.

முதல் வாலை வரைந்தவர், திமிங்கிலச் சுவரோவியங்களால் உலகப் புகழ் பெற்ற வைலண்ட். 2008இல் அவர் பலகை வருவாயில் 20 விழுக்காடு தம் அறக்கட்டளைக்கு வர வேண்டும் என்று கேட்டார். ஆணையம் இசையவில்லை. புகழ்பெற்ற வாலைக் கைவிட்டு, வேறு கலைஞர்களைக் கொண்டு புதிய வால் ஒன்றை வரையவைத்தது. கார்க்காரர்கள் புதிய வாலையும் வாங்கினார்கள். ஓவியரை விட ஓவியம் எதற்காக என்பது அவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பணம் வாங்கித் தரும் பொருள்களைப் பார்த்தால் யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. கடலுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் வளர்ந்தும் அதைப் பார்த்திராத பிள்ளைகளை ஏற்றிவரும் பேருந்துக்கு வாடகை. மணல்மேட்டில் நடுவதற்கு நாற்று. கையுறை, சாக்கு, எடைக்கருவி. கட்டடத்துக்கும் கருத்தரங்குக்கும் பணம் கொடுக்கப் பலர் உண்டு. கையுறைக்குக் கொடுப்பவர் குறைவு. சிறு நல்கையின் இடம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இடம் இருப்பதாலேயே பயன் வந்துவிடுவதில்லை. குப்பை பொறுக்குவதற்கு மட்டும் கொடுத்த பணம் அடுத்த மழையோடு போய்விடும். பொறுக்கியதை எண்ணுவதற்கும், அதே கரையில் ஆண்டுக்கணக்கில் ஆள் நிற்பதற்கும் கொடுத்த பணம் சில இடங்களில் சட்டத்தையே மாற்றியிருக்கிறது. இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றவை அதற்கான சான்றுகள்.

முதல் சான்று கலிஃபோர்னியாவுக்கு வடக்கே ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது. அங்கே மீன், வனவிலங்குத் துறையில் பணியாற்றிய ஜூடி நீல்சன், கடல் உயிர்களைப் பிளாஸ்டிக் எப்படிக் கொல்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தார். 1984 அக்டோபரில் மாநிலத்தின் முழுக் கரைக்கும் ஆள் திரட்டினார். 2,100 பேர் வந்தார்கள்; மூன்று மணி நேரத்தில் 26 டன் குப்பை சேர்ந்தது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியா பின்தொடர்ந்தது. அங்கே முதல் ஆண்டில் வந்தவர்கள் சுமார் 2,500 பேர். 1993இல் அந்த எண்ணிக்கை 50,405 ஆகி, கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கூட்டம் சேர்ந்த கதை இது. கூட்டத்தை விடப் பெரிய காரியம் நடந்தது டெக்சஸில்.

தலைநகர் வாஷிங்டனிலிருந்து டெக்சஸுக்குக் குடிபெயர்ந்த லிண்டா மரானிஸ், ஆரிகன் முயற்சியை அறிந்தவர். அவரும் தோழி கேத்தி ஓஹாராவும் 1986 செப்டம்பரில் 2,800 பேரைக் கரைக்கு அழைத்தார்கள். 122 மைல் கரையில் 124 டன் சேர்ந்தது. வந்தவர்களின் கையில் அவர்கள் சாக்கோடு ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். எடுத்த ஒவ்வொரு பொருளையும் அதில் குறிக்க வேண்டும். புட்டி எத்தனை, மூடி எத்தனை, கயிறு எத்தனை. குறித்து முடித்தபோது, டெக்சஸ் கரையில் கிடப்பவை கரைக்கு வந்தவர்கள் போட்டவை மட்டும் அல்ல என்று தெரிந்தது. கப்பல்களிலிருந்தும் எண்ணெய்த் துரப்பண மேடைகளிலிருந்தும் வீசப்பட்டவை அவற்றில் ஏராளம். கப்பல்கள் கடலில் பிளாஸ்டிக் கொட்டுவதைத் தடுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை, மார்போல் ஐந்தாம் இணைப்பு, அப்போது போதிய நாடுகள் ஏற்காமல் கிடப்பில் கிடந்தது. அமெரிக்கா 1987 இறுதியில் அதை ஏற்றது; 1988 டிசம்பர் 31இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த விவாதத்தில் சாட்சிகளாக நின்றவற்றுள் மணல் ஒட்டிய அந்த அட்டைகளும் உண்டு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் தூய்மை நாளின் வேர் அந்த டெக்சஸ் அட்டைதான். எண்ணிக்கைப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது சிகரெட் துண்டு. 2019இல்தான் தின்பண்ட உறைகள் அதை முந்தின.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவருக்குக் கலிஃபோர்னியாவின் பைக் கதையும் உண்டு. 2014இல் மாநிலச் சட்டமன்றம் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. பை உற்பத்தியாளர்கள் மக்கள் வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2016 நவம்பரில் மக்கள் தடையின் பக்கம் நின்றார்கள். 2010இல் தூய்மை நாளில் கிடைத்த பைகளோடு 2017இல் கிடைத்தவற்றை ஒப்பிட்டபோது 72 விழுக்காடு குறைந்திருந்தது. இப்படி ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே யாரோ எண்ணிவைத்திருந்ததுதான். சட்டம் வந்த பிறகு எண்ணத் தொடங்கியிருந்தால் எதோடு ஒப்பிடுவது?

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. மெல்லிய பைக்குத் தடை போட்ட அதே சட்டம், தடித்த பிளாஸ்டிக் பையை “மறுபடி பயன்படுத்தலாம்” என்ற பெயரில் 10 சென்ட்டுக்கு விற்க இடம் கொடுத்திருந்தது. பெரும்பாலோர் அதை மறுபடி பயன்படுத்தவில்லை. 2021 வாக்கில் மாநிலம் தூக்கியெறிந்த பைகளின் எடை, 2014இல் இருந்ததை விடக் கிட்டத்தட்டப் பாதி கூடியிருந்தது. கரையில் பை குறைந்தது. குப்பைமேட்டில் எடை கூடியது. 2024 செப்டம்பரில் ஆளுநர் கவின் நியூசம் அந்த ஓட்டையையும் அடைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. கரையில் எண்ணுபவரும் குப்பைமேட்டில் எடை போடுபவரும் சேர்ந்தால்தான் முழுக் கணக்கு கிடைக்கும் என்பதை நல்கை கொடுப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

தூய்மை என்ற பெயரில் நடக்கும் எல்லாமே கரைக்கு நல்லதா? தென் கலிஃபோர்னியக் கரைகளில் விடிவதற்குள் டிராக்டர்கள் மணலை வாரிச் சமன்படுத்திவிடும். பார்க்க அழகாக இருக்கும். கரையொதுங்கிய கடற்பாசி, அதில் வாழும் பூச்சிகள், பூச்சிகளைத் தின்ன வரும் பறவைகள் எல்லாம் அந்த அழகோடு போய்விடும். அந்தக் கரைகளில் குரூனியன் என்ற வெள்ளி நிறச் சிறுமீன் உண்டு. பௌர்ணமி, அமாவாசையை அடுத்த இரவுகளில் அலையோடு கரையேறி, பெண் மீன் வாலை மணலுக்குள் செருகி முட்டையிடும். முட்டைகள் இரண்டு வாரம் மணலிலேயே காத்திருந்து, அடுத்த பெரிய ஓதத்தில் பொரிந்து கடலுக்குள் போகும். டிராக்டரின் பற்களுக்கு அது தெரியாது. 2002இல் பெப்பர்டைன் பல்கலைக்கழக உயிரியலாளர் கேரன் மார்ட்டின், சான் டியேகோ பகுதியில் தன்னார்வலர்களைத் திரட்டி, மீன் கரையேறும் இரவுகளில் கரையில் நின்று எண்ணச் செய்தார். அந்தக் கணக்கின் பேரில், முட்டையிடும் பருவத்தில் டிராக்டர்கள் ஓதம் தொடும் கோட்டுக்கு மேலேதான் ஓட வேண்டும் என்ற நடைமுறை வந்தது. இதில் அதிகம் செலவானது பணத்தை விடத் தூக்கம்தான்.

சான்டா மோனிகாவில் இன்னும் எளிய காரியம் செய்தார்கள். 2016இல் பே ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் மூன்று ஏக்கர் மணலுக்கு வேலி போட்டு, அந்த மண்ணுக்குரிய விதைகளைத் தூவி, டிராக்டரை நிறுத்தியது. காற்று கொண்டுவந்த மணல் வேலியோரம் சேர்ந்தது, செடி பிடித்துக்கொண்டது, மேடு எழுந்தது. அடுத்த ஆண்டு அங்கே உப்புக்கொத்தி இனப் பறவை ஒன்று கூடு வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 70 ஆண்டுகளாக அந்தப் பறவை கூடு வைத்திருக்கவில்லை. சென்னைக் கரையிலும் அடும்பங்கொடியும் ராவணன் மீசையும் இதே வேலையைச் செய்பவை; அவற்றைக் களை என்று நினைத்து வழித்தெடுத்த கரைகள் உண்டு.

சரி, பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது? இங்கேதான் நல்ல எண்ணங்கள் பலவும் தடுக்கி விழுகின்றன. அரசு நல்கைகள் பலவற்றில் முதலில் செலவழித்துவிட்டு ரசீதைக் காட்டினால்தான் பணம் வரும். பெரிய நிறுவனத்துக்கு அது தொல்லை இல்லை. வங்கிக் கணக்கில் மூன்று மாதச் செலவு கூட இல்லாத குழுவுக்கு, அந்த நல்கை கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாது. அமெரிக்கக் கடல், வளிமண்டல அமைப்பின் கடற்குப்பைத் திட்டம் 2006இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. குப்பை அகற்றும் நல்கைக்கு, பெறுபவரும் தம் பங்காகச் சம அளவு போட வேண்டும் என்பது அதன் வழக்கம். ஆனால் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. தன்னார்வலர் கரையில் செலவிடும் நேரத்தையும் பணமாகக் கணக்கிட்டுப் பங்காகக் காட்டலாம். தன்னார்வலரின் ஒரு மணி நேரத்துக்கு 2023ஆம் ஆண்டுக்கான அமெரிக்க மதிப்பு 33.49 டாலர். நம் ஊரில் அந்த நேரத்துக்கு ஒரு தேநீரும் நன்றியும்தான் மதிப்பு.

உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம் 1992இல் தொடங்கியது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் அதை நடத்துகிறது. ஒரு நல்கையின் உச்சவரம்பு நெடுங்காலம் பெரும்பாலும் 50,000 டாலராக இருந்தது. யாருக்குத் தருவது என்பதை ஒவ்வொரு நாட்டிலும் ஒரு குழு முடிவு செய்யும்; அதில் அரசு சாராதவர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். எழுதத் தெரியாத சமூகம் தன் கோரிக்கையைப் படமாகவோ வீடியோவாகவோ அனுப்பவும் இடம் உண்டு. நல்கை கேட்பது எழுத்துத் தேர்வு அல்ல என்று அந்தத் திட்டம் புரிந்துவைத்திருக்கிறது. பெருநிறுவனங்களின் இணையப் படிவத்தில் “மாற்றத்தின் கோட்பாடு” என்ற கட்டத்தை நிரப்ப முடியாமல் திணறும் மீனவர் சங்கச் செயலாளருக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும்.

இலங்கையில் நடந்தது வேறு வகை. அமெரிக்காவில் இயங்கும் சீகாலஜி என்ற அமைப்பு, தீவுச் சமூகங்கள் எதைக் காக்கின்றனவோ அதற்கு ஈடாக அவர்கள் கேட்கும் வசதியைச் செய்துதரும். காட்டைக் காப்பவருக்குப் பள்ளிக்கூடம், பவளப்பாறையைக் காப்பவருக்கு மருத்துவ நிலையம். 2015இல் அது சிலாபத்தில் இயங்கும் சுதீச என்ற மீனவர் அமைப்போடு கைகோத்தது. ஐந்தாண்டுக்கு 34 லட்சம் டாலர். நாட்டின் 48 களப்புகளைச் சுற்றியுள்ள அலையாத்திக் காடுகள் அனைத்தையும், சுமார் 21,800 ஏக்கரை, காப்பது இலக்கு. பணம் போய்ச் சேர்ந்தது 15,000 பெண்களின் கைக்கு. தையல், பேக்கரி, மீன் விற்பனை என்று ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் சிறு கடனும். பதிலுக்கு அவர்கள் தங்கள் ஊர் அலையாத்திக் காட்டைக் காவல் காக்க வேண்டும். அதற்கு முன் புத்தளம், சிலாபம் பகுதிகளில் இறால் பண்ணைகள் அந்தக் காடுகளைத் தின்றிருந்தன. விறகுக்குப் போகும் பெண்ணே காவலராகவும் இருப்பது மலிவு என்பதோடு நியாயமும் ஆகும். மொத்தத் தொகை பெரிது என்றாலும், கடைசியில் ஒரு பெண்ணின் கையில் விழுந்தது சிறு தொகை.

2021 மே மாதம் அதே நாட்டின் கரையருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்து, ஜூன் மாதம் மூழ்கியது. அதில் இருந்த பிளாஸ்டிக் குருணை சுமார் 1,680 டன் என்று மதிப்பிட்டார்கள். பருப்பை விடச் சிறிய அந்த மணிகளை மணலிலிருந்து பிரிக்க, கடைசியில் கைக்கு வந்தது சல்லடைதான். தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் சலித்தார்கள். நூறு கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2025 ஜூலையில். சலித்தவர்களுக்கு அந்த நான்கு ஆண்டுகளில் தேவைப்பட்டது சல்லடையும் முகக்கவசமும் சோற்றுப் பொட்டலமும்.

இது அயலூர்க் கதை என்று இருக்க முடியாதபடி, 2025 மே 25இல் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதன் குருணை கேரளக் கரையோடு நிற்காமல் கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது. அங்கும் சல்லடை தேவைப்பட்டது.

தமிழ்நாட்டில் பெரிய பணத்துக்கு இப்போது குறைவில்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் நெய்தல் மீட்சி இயக்கத்துக்கு ரூ.1,675 கோடி மதிப்பீடு. சிறு பணத்தின் வழிகள்தான் அடைபட்டிருக்கின்றன. 2020 செப்டம்பரில் திருத்தப்பட்ட அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டுப் பணம் பெற்ற ஒரு நிறுவனம் அதை மற்றொரு நிறுவனத்துக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. முன்பு சென்னையிலோ பெங்களூரிலோ உள்ள பெரிய அமைப்பு ஒன்று நல்கை வாங்கி, நாகையிலும் ராமநாதபுரத்திலும் உள்ள சின்னக் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது, இனி முடியாது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. முறைகேட்டைத் தடுக்கவே என்றார்கள். முறைகேடுகள் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அடி விழுந்தது, கணக்கர் வைத்துக்கொள்ள முடியாத சின்னக் குழுக்களின் மீது.

மிஞ்சியது பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013 நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்கிறது. பணம் இருக்கிறது, அதற்குப் புகைப்படமும் பிடித்திருக்கிறது. ஒரே நிறத் தொப்பி போட்ட ஊழியர்கள் ஞாயிறு காலை கடற்கரைக்கு வந்து, பதாகையின் முன் நின்று, ஒன்பது மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் சேர்த்த மூட்டைகளை அன்று மாலை யார் எடுத்துப்போவது என்பதற்கு அந்த நிதித் திட்டத்தில் பெரும்பாலும் ஒரு வரி கூட எழுதப்பட்டிருக்காது. இது ஏளனத்துக்காகச் சொல்வது இல்லை. வந்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். திட்டம் போட்டவர்தான் திங்கட்கிழமையை மறந்துவிட்டார்.

இதற்கு நேரெதிராக, சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இயங்கிவருகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான மணலில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளை நாய்க்கும் மனிதருக்கும் முன்பாகக் கண்டெடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாள்களுக்குப் பின் பொரியும் குஞ்சுகளைக் கடலுக்கு விடுகிறார்கள். நடக்கும்போதே செத்து ஒதுங்கிய ஆமைகளையும் கணக்கெடுக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கமான ஆண்டு இல்லை என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம் பழைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்ததுதான். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. கரையருகே இழுவைப் படகுகள் ஓடுவதைப் பற்றிய பேச்சு மறுபடி சூடுபிடித்தது. டெக்சஸ் அட்டை செய்த வேலையை இங்கே ஆமைக் கணக்கு செய்தது.

இந்த அவையில் அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். பெரிய வைப்புத்தொகை இல்லாதவர்களுக்கும் கரைக்காகக் கொடுக்க ஒரு பங்கு உண்டு. தங்கூசி வலைத் துண்டுகளைப் பாறையிலிருந்து அறுத்து எடுக்கும் மீனவரின் படகுக்கு டீசல் வேண்டும். மூட்டைகளை ஏற்றிச்செல்லும் குட்டியானை வண்டிக்கு வாடகை வேண்டும். கணக்கெடுக்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும்; அது “நிர்வாகச் செலவு” என்று தள்ளப்படக் கூடாது, ஏனெனில் கணக்குத்தான் இங்கே விளைச்சல். ஒரே ஆண்டு ஐந்து லட்சம் கொடுப்பதை விட, ஆண்டுக்கு ஒரு லட்சமாக ஐந்தாண்டு கொடுங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரைக் கேட்காமல் கரையில் எதையும் தொடங்காதீர்கள், கரை அவர்களுடையது. பெயர்ப்பலகை கேட்காதீர்கள். விண்ணப்பம் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், தமிழிலேயே இருக்கட்டும். முதல் தவணையை டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். ஜனவரியில் ஆமைகள் கரையேறத் தொடங்கிவிடும்.